பதினான்காம் வாய்ப்பாடும் ஒரு டார்க் ரெஞ்சும்

மூன்று வருடமாக ஒரே ஒரு காரில் மட்டும் பயன்படுத்திய டார்க் ரெஞ்சைப் பற்றி, அதாவது நட்டையும் போல்ட்டையும் குறித்த முறுக்கு அளவுக்கு இறுக்கும் கருவியைப் பற்றி எழுதுகிறேன். அரை அங்குல டிரைவ், அதாவது சாக்கெட் மாட்டும் சதுர முனை. 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. பிடியைத் திருகி அளவு வைத்துவிட்டு இறுக்கினால், அந்த அளவு வந்ததும் ‘டக்’ என்று ஒரு சத்தம், கையில் ஒரு சின்ன உதறல். அவ்வளவுதான் இதன் வேலை. பேட்டரி கிடையாது, திரை கிடையாது. பிராண்டு பெயரை விட்டுவிடுகிறேன். இந்த அளவில் வருகிற ‘டக்’ வகை ரெஞ்சுகளுக்குள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சங்கதிதான்: ஒரு ஸ்பிரிங், அது அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு சின்னக் கட்டை. வைத்த அளவை முறுக்கு எட்டியதும் கட்டை சாய்ந்து உள்சுவரில் இடிக்கிறது.

கார், மஸ்டா எம்எக்ஸ்-5. முதல் தலைமுறை, 1.6 லிட்டர் எஞ்சின், தூங்கி எழுந்த தவளை மாதிரி ஹெட்லைட்டைத் தூக்கிக் காட்டுமே, அந்த மாடல். 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் முதலில் காட்டினார்கள். என்னுடையது 1990-ல் செய்தது. ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை, இரண்டே சீட். மெக்கானிக் வேலை பழக இதைவிடத் தோதான ஸ்போர்ட்ஸ் கார் இல்லை என்று சொன்னார்கள், நம்பி வாங்கினேன். பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. ஸ்பேனர் பிடித்ததே நாற்பது வயதுக்கு மேல்தான்.

ரெஞ்ச் வந்த அன்று முதல் வேலையாக என் கையைத்தான் சோதித்துப் பார்த்தேன். அதுவரை சக்கர நட்டுகளை எல்லாம் கைமதிப்பில்தான் இறுக்கிக்கொண்டிருந்தேன். இந்தக் காரில் சக்கரத்துக்கு நாலு நட்டு. முன் இடது சக்கரத்தில் நாலையும் என் வழக்கப்படி, ஒரே சீராக, மனசாட்சிக்கு விரோதமில்லாமல் இறுக்கினேன். அப்புறம் ரெஞ்சை 103-ல் வைத்தேன். மேனுவலில் சக்கர நட்டுக்கு 88 முதல் 118 வரை போட்டிருக்கிறது, 103 அதற்கு நடு. முதல் நட்டு அசையாமலே ‘டக்’. இரண்டாவதும் அப்படியே. சரி, கை பரவாயில்லை என்று நினைத்தேன். மூன்றாவது கிட்டத்தட்ட கால் சுற்று திரும்பிய பிறகுதான் ‘டக்’ என்றது. நாலாவதைச் சும்மா ஒரு ஆசையில் 140-க்கு ஏற்றிப் பார்த்தேன். அப்போதும் அசையாமல் ‘டக்’. அதாவது ஒரே சக்கரத்தில் ஒன்று லூஸ், ஒன்று அளவுக்கு மிஞ்சி டைட். நாலையும் ஒரே மாதிரி இறுக்கினேன் என்று யார் தலையில் வேண்டுமானாலும் அடித்துச் சத்தியம் செய்திருப்பேன்.

பிறகு யோசித்துப் பார்த்ததில் காரணம் புரிந்தது. முதல் இரண்டு நட்டையும் நின்றபடி, உடம்பு எடையை மேலே போட்டு இறுக்கினேன். மூன்றாவதன்போது குந்தி உட்கார்ந்துவிட்டேன். நாலாவதை முடித்துவிட்டு எழுந்து போகலாம் என்ற அவசரத்தில் ஒரு உதை கூட விட்டிருக்கலாம். கை அறிவது விசையை மட்டும்தான். அந்த விசை எத்தனை நீளக் கைப்பிடியில், எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதைக் கை கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. இந்தக் கருவியை 1918-ல் முதன்முதலில் செய்தவராகச் சொல்லப்படும் கான்ராட் பார், நியூயார்க் நகரத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்தவர். தரைக்கு அடியில் குழாய் இணைப்புகளின் போல்ட்டுகளை ஆட்கள் அளவுக்கு மீறி இறுக்காமல் இருக்கத்தான் அதைச் செய்தாராம். பள்ளத்துக்குள் இறங்கி, வசதியில்லாமல் வளைந்து நின்று இறுக்குகிறவர்களுக்கும் என் மூன்றாவது நட்டின் கதைதான் நடந்திருக்கும்.

ஆனால் நான் இதை வாங்கியது சக்கர நட்டுக்காக இல்லை. ஒரே ஒரு போல்ட்டுக்காக.

1990, 91 வாக்கில் வந்த 1.6 எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின், அதாவது எஞ்சினின் பிரதான சுழல்தண்டின், மூக்கு குட்டை. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் ‘ஷார்ட் நோஸ்’ என்று ஒருவித பயபக்தியோடு சொல்வார்கள். அந்த மூக்கில், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் டைமிங் பெல்ட்டின் பல்சக்கரம் உட்காருகிறது. சுழலாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்ன இரும்புக் கீ, எல்லாவற்றையும் சேர்த்து இறுக்கிப் பிடிக்க நடுவில் ஒரு போல்ட். முன்பு பெல்ட் மாற்றியவர் அந்தப் போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், பல்சக்கரம் கீயின் மேல் மயிரிழை அளவு ஆட ஆரம்பிக்கும். ஆட ஆடக் கீ தேயும், கீ உட்காரும் பள்ளமும் அகலும். டைமிங் நழுவும், வண்டி சோர்ந்து போகும். கடைசியில் கிராங்க் ஷாஃப்டே கெட்டு, எஞ்சினை இறக்க வேண்டியதுதான். குட்டை மூக்கா நீள மூக்கா என்று பார்க்க, புல்லியின் முகத்தில் இருக்கும் வெட்டுகளை எண்ணினால் போதும். நாலு என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம். கார் வீட்டுக்கு வந்த அன்றே டார்ச் அடித்து எண்ணினேன். நாலு. இரண்டாம் தடவை எண்ணினேன். அப்போதும் நாலுதான்.

பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. ஆகவே மாற்றித்தான் ஆக வேண்டும். ரேடியேட்டரைக் கழற்றி இடம் உண்டாக்கினேன். ஐந்தாம் கியரில் போட்டு, கிராங்க் சுற்றாமல் இருக்க மகள் பிரேக்கை மிதித்துக்கொண்டாள். 21 மில்லிமீட்டர் சாக்கெட்டில் நீளக் கைப்பிடியை மாட்டி, இந்தப் போல்ட் சுலபத்தில் வராது என்று தோளைத் தயார் செய்துகொண்டு அழுத்தினேன். பாதி பலம் கூடப் போடவில்லை, வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் மாதிரி தெரியும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கீயை எடுத்துத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் சாம்பல் நிறம், மறுபக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. அந்தப் பக்கம்தான் உரசியிருக்கிறது. கிராங்கில் இருந்த பள்ளத்தின் ஓரத்தில் விரல் நகத்தை ஓட்டினேன், லேசாகத் தட்டியது, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் கதை வேறு.

புதுக் கீ, புதுப் போல்ட், மரையில் இரண்டு சொட்டுப் பிடிப்புப் பசை. பெல்ட்டைப் போட்டு, அது சுழற்றும் இரண்டு கேம் சக்கரங்களில் இருக்கும் I, E குறிகளுக்கு நடுவே 19 பல் வருகிறதா என்று எண்ணினேன். முதல் தடவை 20 வந்தது, கழற்றி மறுபடி போட்டேன். அந்தப் பல் எண்ணும் படலத்தைத் தனியாகவே ஒரு நாள் எழுத வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளாது என்பதுதான் எனக்கிருந்த ஒரே தைரியம். அப்புறம் ரெஞ்சை 113-க்கு வைத்தேன். குட்டை மூக்குக்கு மேனுவல் சொல்வது 108 முதல் 118. பின்னால் வந்த நீள மூக்குக்கு 157 முதல் 167. இரண்டுக்கும் இடையில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தாலே, ‘நல்லா டைட்டா வெச்சிருக்கேன்’ என்கிற பேச்சுக்கு இங்கே இடமில்லை என்று தெரியும். நிதானமாக இழுத்தேன். ‘டக்’. போல்ட் தலையிலும் புல்லியிலும் சேர்ந்தாற்போல வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். 14,000 கிலோமீட்டர் ஆகிறது, கோடு முறியாமல் அப்படியே நேராக நிற்கிறது. வாங்கிய காசு அந்த ஒரு ‘டக்’கிலேயே செரித்துவிட்டது.

இனி குறைகள்.

முதல் குறை அளவுக்கோடுகள். உடம்பில் நெடுக்குக் கோடுகளாக 28, 42, 56, 70, 84, 98, 112 என்று போகிறது. பிடியை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 14 ஏறும். பிடியின் விளிம்பில் 0 முதல் 13 வரை சின்ன எண்கள். ஆக, 103 வேண்டுமென்றால் 98-ல் நிறுத்தி அதற்கு மேல் 5. 113 என்றால் 112-க்கு மேல் 1. அறுபதுக்கு 56-ம் 4-ம். தாராளமாகக் கிரீஸ் பூசிய கையோடு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் விட்டுப்போன பதினான்காம் வாய்ப்பாட்டை ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. பவுண்டு அடியில் எழுதிய பழைய அளவுகோலை அப்படியே நியூட்டன் மீட்டருக்கு மாற்றியதால் வந்த வினை இது. 28 என்பது சுமார் 20 பவுண்டு அடி, ஒரு சுற்று சுமார் 10 பவுண்டு அடி. அந்தப் பக்கத்துக் கணக்கு சுகமாக இருக்கிறது, இந்தப் பக்கத்துக்காரன் பாடுதான் திண்டாட்டம். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கே இரண்டு தடவை ஒரு சுற்று தப்பிப் போனது. போதாததற்கு எண்களில் அடித்திருந்த வெள்ளை நிறம் பிரேக் கிளீனர் பட்டுப் பாதி போய்விட்டது.

இரண்டாவது, கீழ்க்கோடியில் இதை நம்பக் கூடாது. இந்த வகை ரெஞ்சுகள் தம் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே தடுமாறும் என்பது பொதுவான கணக்கு. 210-க்கு அது 42. ஆயில் ட்ரெயின் பிளக்குக்கு மேனுவல் சொல்லும் 30 முதல் 41, அந்தத் தடுமாற்றத்துக்குள்ளேயே விழுகிறது. ஸ்பார்க் பிளக்குக்கு 15 முதல் 23, அதற்கு இதில் கோடே இல்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே பட்டுத் தெரிந்துகொண்டேன். கேம் மூடியின் கேஸ்கெட்டிலிருந்து எண்ணெய் கசிந்தது. மாற்றுவது ஒரு மணி நேர வேலை. மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகள் சுண்டு விரலை விட ஒல்லி, அவை இறங்குவது எஞ்சினின் அலுமினியத் தலைக்குள். இந்தக் காரின் மேனுவல் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று அலகில் எண் கொடுக்கிறது. மூடிப் போல்ட்டுக்கு 4.9 முதல் 8.8 நியூட்டன் மீட்டர், கூடவே கிலோ சென்டிமீட்டரில் 50 முதல் 90, பவுண்டு அங்குலத்தில் 43 முதல் 78. என் கண் போய் உட்கார்ந்தது கடைசிக் கட்டத்தில். 45 என்று மனதில் வாங்கிக்கொண்டு, 42-க்கு மேல் 3 என்று வாய்ப்பாட்டை வேறு சரியாகப் போட்டு, இறுக்க ஆரம்பித்தேன்.

‘டக்’ வரவில்லை. இன்னும் கொஞ்சம். வரவில்லை. போல்ட் முதலில் எதிர்த்தது, பிறகு எதிர்ப்பு அப்படியே நின்றது, பிறகு வெண்ணெயில் இறங்குவது மாதிரி திரும்பியது. வெளியே எடுத்தால் மரையின் பள்ளங்களில் அலுமினியச் சுருள் பம்மிக்கொண்டு வருகிறது. எஞ்சின் தலையில் இருந்த மரை மொத்தமும் போல்ட்டோடு வந்துவிட்டது. ரெஞ்சின் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. நான் சொன்ன 45-ஐ அது கடைசி வரை நாணயமாகத் தேடிக்கொண்டிருந்தது. துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் சுருள் வைத்து மரையை மீட்டேன். அன்று இரவே கால் அங்குல டிரைவில் 5 முதல் 25 வரை போகும் இன்னொரு ரெஞ்சுக்கு ஆர்டர் போட்டேன். இப்போது மேனுவலில் வேண்டாத இரண்டு அலகுகளையும் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொடுகிறேன். நீங்கள் இந்தப் பெரிய ரெஞ்சை வாங்குவதாக இருந்தால், சின்னதையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றுதான் முடியும் என்றால், பழைய காருக்கு முதலில் சின்னது. சக்கர நட்டு கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் சமாளிக்கலாம், அலுமினிய மரை போனால் போனதுதான்.

இன்னொரு விஷயம். இந்த ரெஞ்ச் அளப்பது போல்ட்டைத் திருப்ப ஆகும் முறுக்கை. நமக்கு வேண்டியதோ போல்ட் இழுபட்டு உண்டாகும் பிடிப்பு. நாம் போடும் முறுக்கில் பெரும்பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உரசலாகவே கரைந்து போகிறது. பத்தில் ஒரு பங்கு பிடிப்பாகத் தேறினால் அதிகம். ஆகவே மரையில் எண்ணெய் பட்டால் உரசல் குறைந்து, அதே 103-க்கு சக்கர நட்டு ஏறும் ஸ்டட் அதிகமாக இழுபடும். துரு பிடித்திருந்தால் இதற்கு நேர்மாறு, ‘டக்’ கேட்கும், பிடிப்பு இருக்காது. நான் நல்லெண்ணத்தில் சக்கர ஸ்டட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் தடவி வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க பதினாறையும் துடைத்து, கம்பி பிரஷ் போட்டுக் காயவைத்தேன்.

சரி, மூன்று வருடத்தில் ரெஞ்ச் எவ்வளவு நகர்ந்திருக்கிறது? இதன் துல்லியம் நான்கு சதவீதத்துக்குள் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. வருடம் ஒரு முறை அல்லது 5,000 சொடுக்குக்கு ஒரு முறை சரிபார்க்க வேண்டும் என்பது முறை. என் ஒரு காருக்கு 5,000 சொடுக்கு இந்த ஜென்மத்தில் வராது. ஆகவே வருடா வருடம் ஒரு பக்கெட்டை வைத்து நானே சோதிக்கிறேன். ரெஞ்சின் சதுர முனையை வைஸில் படுக்கை வாட்டில் கடிக்கவிட்டு, முனையின் நடுவிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டரில், பிடியின் மத்தியில், ஒரு கயிற்றில் பக்கெட்டைத் தொங்கவிடுவேன். ரெஞ்சை 60-ல் வைத்துவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுவேன். ‘டக்’ என்றதும் நிறுத்திப் பக்கெட்டை எடை போடுவேன். ரெஞ்சின் சொந்த எடையே இரண்டரை நியூட்டன் மீட்டர் இழுக்கும். அதைக் கழித்தால் சுமார் 14.7 கிலோவில் சொடுக்க வேண்டும். முதல் வருடம் 14.7. இந்த வருடம் 14.2. அதாவது 60 என்று சொல்லிவிட்டு 58 சொச்சத்திலேயே விட்டுக்கொடுக்கிறது. மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, இன்னும் வரம்புக்குள்தான். ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிகிறது. ஸ்பிரிங் தளர்கிறது.

தளர்ந்ததற்குக் காரணம் நான்தான். வேலை முடிந்ததும் அளவைக் கீழே 28 வரை இறக்கி வைக்க வேண்டும். இறுகிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் ஸ்பிரிங் அதற்கே பழகிவிடும். போல்ட்டைக் கழற்றவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒரு பாவத்தை மட்டும் நான் செய்யவில்லை, அதற்கு நீளக் கைப்பிடி தனியாக இருக்கிறது. ‘டக்’ கேட்ட பிறகு சந்தேகத்துக்கு இன்னொரு தடவை ‘டக்’ வாங்குவது இன்னொரு கெட்ட பழக்கம். ஒவ்வொரு தடவையும் போல்ட் இன்னும் கொஞ்சம் ஏறும். வெடுக்கென்று இழுத்தாலும் அப்படித்தான், சத்தம் கேட்டுக் கை நிற்பதற்குள் அளவைத் தாண்டியிருக்கும்.

ஊசி காட்டும் பழைய வகை ரெஞ்சும் உண்டு, ஒரு கம்பி வளையும், இன்னொரு கம்பி அளவைக் காட்டும். அதில் இறக்கி வைக்கிற தொல்லை இல்லை, கெட்டுப்போக ஸ்பிரிங்கே இல்லை. நேராக நின்று கண்ணால் பார்க்க முடிகிற இடத்தில் அதுவே போதும். ஆனால் இந்தக் காருக்கு அடியில் படுத்தால் என் மூக்குக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இருக்காது. ஊசி எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தலையைத் திருப்பவே இடமில்லை. சத்தம்தான் அங்கே கண். அதிலும் எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம், அளவு குறையக் குறைய ‘டக்’கும் மெலிந்துகொண்டே போகும். அதனால் கீழே வேலை என்றால் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். “அப்பா, போதும், சத்தம் வந்துடுச்சு” என்பாள். நான் கேட்காத ‘டக்’குகளை எல்லாம் அவள்தான் கேட்டிருக்கிறாள்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பிளாஸ்டிக் பெட்டி, தாழ்ப்பாள் இரண்டாம் மாதமே உடைந்தது, இப்போது சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டி வைத்திருக்கிறேன். பக்கெட் சோதனை முடிந்த அன்று, மூடியின் உள்பக்கத்தில் மகள் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் எழுதினாள்: ‘28-க்கு இறக்கியாச்சா?’ பெட்டியை மூடும்போதெல்லாம் கண்ணில் படும்படி, நல்ல பெரிய எழுத்தில்.

போன மாதம் டயர் மாற்றினேன். இன்று காலை பெட்டியைத் திறந்தால், டேப் அப்படியே இருக்கிறது. ரெஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். 98-க்கு மேல் 5.